சிறுத்தை நடமாடும் அடிவாரத்தில் ஆடு, நாய், பிள்ளைகளைக் காப்பது எப்படி?

செண்பகத்தோப்பு, மம்சாபுரம், ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றுப் பகுதி, சேத்தூர், தேவதானம், வத்திராயிருப்பு என்று மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தோப்பும் ஆடும் வைத்திருக்கும் விவசாயிகளுக்காக இந்தக் கட்டுரை. இங்கே மாந்தோப்பின் கடைசி வரிசை முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. 1988-ல் நரை அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்ந்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று பெயர் இருந்தாலும், தோப்புக்கு வந்து ஆட்டைத் தூக்குவது பெரும்பாலும் புலியாக இருக்காது. அது சிறுத்தைதான்.

2022-ல் எடுத்து 2024-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகள் இருக்கின்றன. 2018 கணக்கில் 868. ஆகவே 'சிறுத்தையே வராமல் செய்ய என்ன வழி' என்று கேட்டால் நேர்மையான பதில், வழி இல்லை என்பதுதான். வந்த சிறுத்தைக்கு உங்கள் இடத்தில் இரை கிடைக்காமல் செய்வதற்கு வழி இருக்கிறது. அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் நாயைப் பாருங்கள்

ஆடு போனால்தான் நமக்குக் கணக்கு. ஆனால் சிறுத்தை தோப்புக்குள் வரப் பழகுவது பல இடங்களில் நாயால்தான். மகாராஷ்டிராவில் அகோலே என்ற பகுதியில் காடே இல்லாத கரும்பு வயல்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தை எடுத்து ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் சோதித்தார்கள். தின்ற இரையின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். அதில் நாய் மட்டும் 39 சதவீதம், வெள்ளாடு 11 சதவீதம். அந்த ஊரில் நாயைவிட வெள்ளாடு ஏழு மடங்கு அதிகம். பிறகு ஏன் நாய் அதிகம் சிக்கியது? ஆட்டை ராத்திரி அடைத்து வைக்கிறார்கள், நாய் வெளியே திரிகிறது. அவ்வளவுதான் காரணம்.

ராஜபாளையம் நாய் பிறந்த மண்ணில் இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம், 2005-ல் தபால்தலையிலும் வந்தது. இருந்தாலும் தோப்பு மூலையில் ராத்திரி சங்கிலியில் கட்டிய நாய், எந்த இனமாக இருந்தாலும், சிறுத்தைக்குக் கட்டி வைத்த இரைதான். ஓடவும் முடியாது, திருப்பிக் கடிக்கவும் முடியாது. இருட்டியதும் நாயை வீட்டுக்குள்ளோ, நான்கு பக்கமும் மேலேயும் கம்பி வலை போட்ட கூண்டுக்குள்ளோ அடைத்துவிடுங்கள். உள்ளே இருந்து குரைத்தாலே போதும், உங்களுக்குச் செய்தி வந்துவிடும். இமயமலைப் பக்கம் ஆட்டிடையர்கள் தங்கள் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை போடுகிறார்கள். சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால் அந்த ஏற்பாடு. பகலில் கிடையோடு போகும் நாய்க்கு இங்கேயும் அப்படிப் போடலாம்.

தெருநாய் கூட்டம் சேர்வதையும் தடுக்க வேண்டும். கோழிக்கடைக் கழிவு, செத்த கோழி, கன்று போட்ட நஞ்சுக்கொடி ஆகியவற்றை ஓடையோரம் வீசினால் முதலில் நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

கொட்டில்: அரைகுறையாக இருந்தால் இல்லாததைவிட மோசம்

திறந்த வெளியில் ஆடு இருந்தால் சிறுத்தை ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், மற்றவை சிதறி ஓடித் தப்பிக்கும். நான்கு பக்கம் அடைத்து மேலே திறந்த பட்டிக்குள் அது குதித்துவிட்டால் நிலைமை வேறு. ஆடுகள் ஓட இடமில்லாமல் முட்டி மோதும். அந்தக் களேபரத்தில் அசைகிற ஒவ்வொன்றையும் கடித்துப் போடும். ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து செத்துக் கிடப்பது இப்படித்தான். முள்வேலிப் பட்டியோ, ஐந்தடிச் சுவரோ சிறுத்தைக்குப் பொருட்டில்லை. மரம் ஏறும் மிருகம் அது. வாயில் ஆட்டைக் கவ்விக்கொண்டே சுவர் தாண்டும்.

எனவே கூரைதான் முதல் வேலை. மேலே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டால் ஜே போல்ட் வைத்து இறுக்குங்கள். கல்லைத் தூக்கி வைத்துவிட்டு விட்டுவிட வேண்டாம், ஷீட்டை நெம்பிவிடும். தென்னை ஓலைக் கூரையாக இருந்தால் அடியில் கம்பி வலை பரப்பிக் கட்டுங்கள். ஓலையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது பல ஊர்களில் நடந்திருக்கிறது.

பக்கவாட்டில் கீழே இரண்டு மூன்று அடிக்கு ஹாலோ பிளாக் அல்லது கல் கட்டு, அதற்கு மேல் கூரை வரை வெல்டு மெஷ். ஆட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் முழுச் சுவர் எழுப்ப வேண்டாம். வலையின் கண் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். கை நுழைகிற இடைவெளி இருந்தால் நகத்தால் ஆட்டைப் பற்றி இழுக்கும். கோழி வலை எதற்கும் உதவாது. வலையைக் கம்பத்தின் வெளிப்பக்கம் வைத்து முறுக்குக் கம்பியால் கட்டுங்கள். மூங்கிலைவிட இரும்புக் குழாய்க் கம்பம் நல்லது. மூங்கிலாக இருந்தால் கட்டுகளை மாதம் ஒருமுறை சோதியுங்கள், கரையான் வேலை காட்டியிருக்கும். அடியில் ஒரு முழம் ஆழத்துக்குக் கல் பதித்தால் நரியும் செந்நாயும் தோண்டி வராது.

கதவுதான் எல்லாக் கொட்டிலிலும் பலவீனமான இடம். நல்ல வலை அடித்துவிட்டுக் கதவுக்குத் தென்னை மட்டையைச் சாத்தி வைப்பவர்கள் உண்டு. இரும்புச் சட்டத்தில் வலை அடித்த கதவு, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், அடியில் நான்கு விரல்கடைக்கு மேல் சந்து இல்லாமல் இருக்க வேண்டும்.

பரண் மேல் ஆடு வளர்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். பரணின் பக்கங்களில் மரச்சட்டம் மட்டும் அடித்திருப்பீர்கள். அந்த இடைவெளி சிறுத்தைக்குப் போதும். சட்டத்துக்கு மேல் வெளியே வலையைச் சுற்றுங்கள். பரணுக்கு அடியில் ராத்திரி குட்டிகளைக் கட்டுகிற பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள்.

வளர்ந்த ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி என்று கணக்கு வைத்தால் இருபது ஆட்டுக்கு 200 சதுர அடிக் கொட்டில் வேண்டும். எல்லோராலும் முடியாது என்பது தெரியும். நாலைந்து ஆடு மட்டும் வைத்திருக்கும் மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே கொட்டில் போட்டுக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த மலிவான வழி. தனித்தனியாக நான்கு ஓட்டைக் கொட்டிலைவிட ஒரு நல்ல கொட்டில் மேல்.

கிடை போடுபவர்களுக்கு

அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை அமர்த்துவது இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மலையடிவாரத்து வயலில் கிடை போட ஒப்புக்கொள்ளும்போது காட்டு ஓரத்துப் பொலியை விட்டு, ஊர்ப்பக்கத்து வயலைக் கேளுங்கள். குட்டிகளைக் கொடாப்புக்குள் கவிழ்த்து வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். கொடாப்பின் மேல் கனமான கல்லை வைத்து, அதைக் கிடையின் நடுவில், ஆள் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெறும் தரையில் ஆள் படுக்க வேண்டாம்.

வெளிச்சம் உதவுமா? உதவும், சில நாளைக்கு. ஒரே இடத்தில் நிலையாக எரியும் விளக்குக்குச் சிறுத்தை பழகிவிடும். மின்னி மின்னி எரியும் விளக்கு கொஞ்சம் மேல். சிலி நாட்டு மலைகளில் நம் சிறுத்தையைப் போன்ற பியூமா என்ற மிருகம் லாமா, அல்பகா என்னும் கால்நடைகளைத் தூக்குகிறது. அங்கே தாறுமாறாக மின்னும் விளக்குகளை வைத்துச் சோதித்ததில் பியூமா ஒதுங்கியது, நரி ஒதுங்கவில்லை. சூரிய சக்தியில் மின்னும் விளக்கு இப்போது கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடத்தை மாற்றுங்கள். விளக்கை நம்பிக் கொட்டிலைத் திறந்து போடாதீர்கள்.

பகல் மேய்ச்சலில் ஓடைப் புதரும் பாறை இடுக்கும் ஆபத்தான இடங்கள். ஒருவர் மந்தைக்கு முன்னும் ஒருவர் பின்னும் போவது நல்லது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை செய்திருக்கிறது. உள்ளே போய் ஆடு இறந்தால் இழப்பீடு கேட்கவும் வழியில்லாமல் போகும், உங்கள் மேல் வழக்கும் வரும்.

வீட்டைச் சுற்றி

ஆட்டைவிடப் பெரிய கவலை பிள்ளைகள். 2024 ஜனவரியில் நீலகிரி பந்தலூர் அருகே தாயுடன் சென்ற 3 வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில் வீட்டருகே இருந்த சிறுமியைத் தூக்கிச் சென்றது. இரண்டு இடத்திலும் தேயிலைச் செடி பாதையையும் வீட்டையும் ஒட்டி வளர்ந்திருக்கும். நம் பக்கம் அந்த இடத்தில் சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் இருக்கின்றன. தோப்பு வீட்டைச் சுற்றி ஐம்பது அடிக்கு அவற்றை வேரோடு எடுங்கள். வெட்டிவிட்டால் இரண்டு மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். மாமரத்தின் தாழ்ந்த கிளைகள் வீட்டுக் கூரையையும் கொட்டில் கூரையையும் தொடாதபடி கவாத்து செய்யுங்கள்.

இருட்டத் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் தனியாக இருக்கக் கூடாது. ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது பெரியவர் கூடப் போக வேண்டும். வெளியே ஒதுங்குபவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். குனிந்தோ உட்கார்ந்தோ இருக்கும் ஆள் சிறுத்தையின் கண்ணுக்கு ஆள் உருவமாகத் தெரிவதில்லை, சிறு விலங்காகத் தெரிகிறது. தண்ணீர் பாய்ச்ச ராத்திரி மோட்டார் போடப் போகிறவர்கள் டார்ச்சும் தடியும் எடுத்து, பேசிக்கொண்டோ செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டோ நடங்கள். மனிதக் குரல் கேட்டால் ஒதுங்குவதுதான் அதன் இயல்பு. மொட்டைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டுங்கள். நாயைத் துரத்தி வந்து கிணற்றில் விழுந்த சிறுத்தையைப் பார்க்க ஊரே கூடுகிற இடத்தில்தான் மனிதர்களுக்குக் காயம் அதிகம்.

கரடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாம்பழம், பலா, கரையான் புற்று, தேன் இவற்றைத் தேடித்தான் அது வருகிறது, ஆட்டுக்காக வராது. சப்பட்டை பழுக்கும் காலத்தில் கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி எடுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். கரடிக்குக் கண் பார்வை மந்தம். திடீரென்று கிட்டத்தில் ஆளைக் கண்டால் பயந்து தாக்கும். ஆகவே விடியற்காலையில் தோப்புக்குள் நுழையும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லலாமா?

ஆடு போன மறுநாள் ஊரார் கேட்கும் முதல் கோரிக்கை இது. கோபம் நியாயமானது. ஆனால் ஆடு தூக்கிய சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிராவின் ஜுன்னார் பகுதி அனுபவித்துவிட்டது. 1993 முதல் 2001 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேரைச் சிறுத்தை தாக்கியது. பிறகு சிறுத்தைகளைப் பிடித்து 40 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள காடுகளில் விடத் தொடங்கினார்கள். 2001-லிருந்து 2003 வரை தாக்குதல் ஆண்டுக்குப் பதினேழாக ஏறியது. பிடிபட்ட மிரட்சியோடு, தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை மனிதன் பக்கத்திலேயே தடுமாறித் திரிகிறது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து உட்காருகிறது. 2009-ல் கிணற்றிலிருந்து மீட்டுக் கழுத்துப் பட்டையுடன் மால்சேஜ் கணவாயில் விடப்பட்ட ஒரு கிழட்டுச் சிறுத்தை ஒரு மாதத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பைக்கே போய்ச் சேர்ந்தது.

மனிதரைத் தாக்கிய சிறுத்தை என்றால் விஷயம் வேறு. அதைப் பிடித்தே ஆக வேண்டும், தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிட்டு வனத்துறை அதைச் செய்யும். ஆடு மட்டும் போயிருந்தால் கூண்டு கேட்பதைவிட, கேமரா பொருத்தச் சொல்லியும், ராத்திரி ரோந்து கேட்டும், கொட்டில் வலைக்கு உதவி கேட்டும் மனுக் கொடுப்பதில் பலன் அதிகம் என்பது என் கருத்து.

புதரிலோ கரும்பிலோ குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள், தூக்கி வராதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மின்வேலி, சுருக்கு, அவுட்டுக்காய்

பன்றிக்கு என்று வைத்த கம்பியில் சிறுத்தை சாவது நடக்கிறது. அதே கம்பியில் பக்கத்துத் தோப்புக்காரரும், வைத்தவருமே சாவதும் நடக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது கொலைக்குச் சமம். சிறுத்தை சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சுருக்குக் கம்பியில் மாட்டி உயிரோடு இருக்கும் சிறுத்தை, வேறெந்த நிலையிலும் இருப்பதைவிட மூர்க்கமானது. அவுட்டுக்காயை மாடு கடித்து வாய் சிதறியதையும் பார்த்திருப்பீர்கள். செத்த ஆட்டின் மேல் குருணை மருந்து தூவினால் சாவது உங்கள் நாய்தான், பிறகு காக்கை கழுகு.

சூரிய மின்வேலி போட விரும்பினால், காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலங்களுக்கு 2023-ல் வந்த தமிழ்நாடு விதிப்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலி யானைக்கும் பன்றிக்கும்தான் பயன்படும். சிறுத்தைக்கு அதை நம்ப வேண்டாம். பன்றித் தொல்லைக்கு 2025-ல் அரசு அறிவித்த முறைப்படி, காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பிடிக்கவோ சுடவோ கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடுவார்கள். விவசாயி சுடுவதற்கு எங்கும் அனுமதி இல்லை.

ஆடு செத்துவிட்டால்

இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் முதல் சில மணி நேரத்தில் முடிவாகிறது. செத்த ஆட்டை நகர்த்தாதீர்கள், தோலை உரிக்காதீர்கள், புதைக்காதீர்கள். காயத்தையும், காதுவில்லையையும், இழுத்துப் போன தடத்தையும், கால்தடத்தையும் செல்போனில் படம் எடுங்கள். கால்தடத்தின் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். தடத்தின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு வனக்காவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தகவல் சொல்லுங்கள். வனத்துறையினர் வந்து மகசர் எழுத வேண்டும், மருத்துவர் பிரேதப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆட்டின் படம் இவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொகை அரசாணைக்கு அரசாணை மாறும், இப்போதைய அளவை அங்கேயே கேட்கலாம்.

எது கொன்றது என்பதையும் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தொண்டையில் நான்கு ஆழமான பல் பதிவு, உடம்பில் வேறு கடி குறைவு, புதர் வரை இழுத்த தடம், கால்தடம் உருண்டையாக நகப் பதிவு இல்லாமல் இருந்தால் சிறுத்தை. பின்தொடை, வால், காது என்று பல இடத்தில் கடித்துக் குதறி, பல ஆடுகளைத் தின்னாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் தெருநாய். தடத்தில் நகம் பதிந்திருக்கும். செந்நாய் கூட்டமாக, பெரும்பாலும் பகலில் வந்து, பின்பக்கத்திலிருந்து தின்னும். நாய் கடித்ததைச் சிறுத்தை என்று மனு எழுதினால் பரிசோதனையில் தள்ளுபடி ஆகும். அடுத்த முறை உண்மையாகச் சிறுத்தை வந்தாலும் சந்தேகப்படுவார்கள்.

காயத்தோடு உயிர் பிழைத்த ஆட்டுக்கு 1962 எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்

ஓடக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது, உட்காரக் கூடாது, கல் எடுக்கக்கூடக் குனியக் கூடாது. குழந்தை கூட இருந்தால் குனியாமல் தூக்கித் தோளில் வையுங்கள். துண்டையோ கையையோ மேலே தூக்கி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் நகருங்கள். அது போக ஒரு வழியை விட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் ஆள் சூழ்ந்தால்தான் பாயும். கொட்டிலுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ மாட்டிக்கொண்டால் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வனத்துறை வரும்வரை செல்போன் வீடியோவுக்காக யாரும் கிட்டே போக விடாதீர்கள்.

நகம் பட்ட சிறு கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காட்டு மிருகக் கடிக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். அதோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும், டெட்டனஸ் ஊசியும் கேட்டு வாங்குங்கள். மனிதர் காயத்துக்கும் அரசு இழப்பீடு உண்டு, அதற்கு மருத்துவமனைச் சீட்டு அவசியம்.

உங்கள் பகுதி வனக்காவலர், வனவர், வனச்சரகர் எண்களை இன்றைக்கே வாங்கிச் செல்போனில் பதிந்து, மோட்டார் ரூம் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தோப்புக் காவலுக்கு இருப்பவரிடமும் அந்த எண்கள் இருக்கட்டும்.